பப்ளிஷருடன் ஒப்பந்தம் பேசும்போது: டர்பன் தமிழ் இசையமைப்பாளர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், மெரிபேங்க், டொங்காட் பக்கம் வீட்டிலேயே கீபோர்டும் கம்ப்யூட்டரும் வைத்துக்கொண்டு பக்திப் பாட்டு, நாட்டியத்துக்கு இசை, கல்யாணப் பாட்டு என்று போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் சிலருக்கு இப்போது மியூசிக் பப்ளிஷர்களிடமிருந்து ஒப்பந்தம் வருகிறது. முப்பது பக்கம், சின்ன எழுத்து, "வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள்" என்று ஒரு குறிப்பு. அந்த வெள்ளிக்கிழமைக்கு முன்னால் கேட்கப்படும் கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இவை. வக்கீலிடம் போவதற்கு முன் படித்துக்கொண்டு போனால் அவர் நேரமும் உங்கள் காசும் மிச்சம்.

பப்ளிஷரும் ரெக்கார்டு கம்பெனியும் ஒன்றுதானே?

இல்லை. மெட்டும் வரிகளும் சேர்ந்தது ஒரு சொத்து. அதை ஸ்டூடியோவில் பாடிப் பதிவு செய்தது இன்னொரு சொத்து. பப்ளிஷர் முதலாவதைக் கவனிப்பவர், ரெக்கார்டு கம்பெனி இரண்டாவதை. ஒரே நிறுவனம் இரண்டையும் செய்யலாம். அப்படிச் செய்தாலும் ஒப்பந்தங்கள் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே காகிதத்தில் இரண்டையும் கேட்டால், ஒன்றில் கொடுத்த முன்பணத்தை இன்னொன்றின் வருமானத்தில் கழிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

நான் சாம்ரோவில் உறுப்பினர். அப்புறம் பப்ளிஷர் எதற்கு?

நியாயமான கேள்வி. 1961-இல் தொடங்கிய தென்னாப்பிரிக்க இசை உரிமை அமைப்பான சாம்ரோ, பாட்டு வானொலியிலும் டிவியிலும் மண்டபத்திலும் பொதுவில் ஒலிப்பதற்கான பணத்தை வசூலித்துத் தருகிறது. லோட்டஸ் எஃப்எம்மில் உங்கள் பாட்டு போனால் அந்தக் காசு சாம்ரோ வழியாக வரும். பாட்டைப் பிரதி எடுப்பதற்கான பணம், அதாவது சிடி, டவுன்லோடு, ஸ்ட்ரீமிங் வகையில் வருவது, கபாசோ என்ற அமைப்பு வழியாக வரும். பாடியவருக்கும் பதிவின் சொந்தக்காரருக்கும் ஒலிபரப்பிலிருந்து சேர வேண்டியதை சாம்ப்ரா என்ற அமைப்பு பார்க்கிறது. இவை மூன்றிலும் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

பப்ளிஷர் செய்ய வேண்டியது இவற்றுக்கு மேலே உள்ள வேலை: விளம்பரத்திலும் படத்திலும் பாட்டைச் சேர்க்க ஆள் பிடிப்பது, வெளிநாடுகளில் பதிவு செய்வது, விடுபட்ட பணத்தைத் துரத்துவது. உங்கள் பாட்டு கோவில் திருவிழாவிலும் லோட்டஸ் எஃப்எம்மிலும் மட்டும்தான் ஒலிக்கிறது என்றால், பப்ளிஷர் இல்லாமலே இருக்கலாம் என்பது என் கருத்து. சாம்ரோ படிவத்தை ஒழுங்காக நிரப்பக் கற்றுக்கொண்டாலே போதும்.

இன்னொன்று. சாம்ரோவில் சேர்ந்தபோதே பொது நிகழ்த்தல் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருப்பீர்கள். ஆகவே "எல்லா உரிமைகளும் பப்ளிஷருக்கே" என்று ஒப்பந்தம் சொன்னால், "சாம்ரோவுக்கு ஏற்கெனவே கொடுத்தது நீங்கலாக" என்று சேர்க்கச் சொல்லுங்கள். சாம்ரோ பணத்தில் இசையமைப்பாளருக்கான பங்கு நேராக உங்கள் கணக்குக்கு வரும், பப்ளிஷர் அதைத் தொடமாட்டார் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும்.

எத்தனை சதவீதம் கேட்கலாம்?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். உரிமை உங்களிடமே இருந்து, கணக்கு வழக்கை மட்டும் பப்ளிஷர் பார்ப்பதென்றால் அவருக்கு 10 முதல் 20 சதவீதம் வரை போவது வழக்கம். உரிமையில் பங்கு கொடுத்தால் உங்களுக்கு 75, அவருக்கு 25 என்ற அளவில் பேசலாம். பழைய பாணி ஒப்பந்தம் பாதிக்குப் பாதி. உரிமை முழுவதையும் எடுத்துக்கொண்டு பாதி வருமானமும் கேட்பவர், பதிலுக்கு நல்ல முன்பணமோ உறுதியான வேலையோ தர வேண்டும்.

ஆனால் சதவீதத்தில் ஐந்து கூடக் கிடைத்த மகிழ்ச்சியில் அடுத்த பக்கத்தைப் படிக்காமல் விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பாட்டின் உரிமை எப்போது உங்களிடம் திரும்பி வரும் என்பது அந்தப் பக்கத்தில்தான் இருக்கும். பேரம் பேச உங்களிடம் இருக்கிற பலத்தை அங்கே செலவழியுங்கள்.

"பதிப்புரிமை நீடிக்கும் காலம் முழுவதும்" என்று எழுதியிருக்கிறது. சம்மதிக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒரு பாட்டின் பதிப்புரிமை இசையமைத்தவரின் ஆயுள் முழுவதும், அவர் இறந்த ஆண்டின் முடிவிலிருந்து இன்னும் 50 ஆண்டுகளும் நீடிக்கும். முப்பது வயதில் கையெழுத்துப் போட்டு எண்பது வயது வரை வாழ்ந்தால் மொத்தம் 100 ஆண்டுகள். உங்கள் பேரனுக்கும் அந்தப் பாட்டின் மீது உரிமை இருக்காது.

சாலமன் லிண்டாவின் கதை இந்த நாட்டில் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். 1939-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் அவர் பதிவு செய்த 'இம்புபே' பாட்டுதான் பின்னாளில் 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்' என்று உலகம் சுற்றியது. அவர் உரிமையை எழுதிக் கொடுத்தது 10 ஷில்லிங்குக்கு. 1962-இல் வறுமையில் இறந்தார். அவர் குடும்பம் 2004-இல் டிஸ்னி நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டு, 2006-இல் சமரசத்தில் பணம் பெற்றது. பலருக்குத் தெரியாத பகுதி, எந்தப் பிடியை வைத்து வழக்குப் போட்டார்கள் என்பது. 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தில், படைத்தவர் இறந்து 25 ஆண்டுகள் ஆனதும் உரிமை வாரிசுகளுக்குத் திரும்பும் என்று ஒரு விதி இருந்தது. அந்த விதிதான் அவர்களுக்குக் கைகொடுத்தது.

1965-இல் இங்கே புதிய சட்டம் வந்தது. அதற்குப் பிறகு எழுதிக் கொடுத்த உரிமைக்கு அந்தப் பழைய விதி உதவாது. புதிய திருத்த மசோதாவில், எழுதிக் கொடுத்த உரிமை 25 ஆண்டுகள்தான் செல்லும் என்று ஒரு பிரிவு இருக்கிறது. அதை 2024-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆனால் ஜனாதிபதி கையெழுத்துப் போடாமல் அதே ஆண்டு அக்டோபரில் அரசியலமைப்பு நீதிமன்றத்துக்கு அனுப்பினார். ஆகவே அதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். பாட்டு திரும்பி வரும் வழியை ஒப்பந்தத்தில் நீங்களே எழுத வேண்டும்.

என்ன எழுதுவது? புதுப் பாட்டுகளைக் கொடுக்கும் காலம் மூன்று ஆண்டு என்று வையுங்கள். அது முடிந்தபின் அந்தப் பாட்டுகளைப் பப்ளிஷர் வைத்துக்கொள்ளும் காலம் ஐந்திலிருந்து பத்து ஆண்டு. அவர் பதினைந்து கேட்பார், பன்னிரண்டில் முடியும், பரவாயில்லை. அதோடு, இரண்டு ஆண்டுக்குள் பதிவாகவோ ஒலிபரப்பாகவோ விளம்பரத்திலோ பயன்படாத பாட்டு, நீங்கள் எழுதிக் கேட்டால் 60 நாளில் திரும்ப வேண்டும். தொடர்ந்து இரண்டு முறை கணக்கு அனுப்பாவிட்டாலும் திரும்ப வேண்டும். நல்ல பப்ளிஷர் இவற்றில் எதற்கும் கோபப்படமாட்டார்.

உரிமையை எழுதிக் கொடுப்பதற்கும் லைசென்ஸ் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம்?

வீட்டை விற்பதற்கும் வாடகைக்கு விடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான். முடிந்தால் வாடகை.

இரண்டுக்கும் ஒரு பொது விதி உண்டு. உரிமையை மாற்றிக் கொடுப்பதும் பிரத்தியேக லைசென்ஸ் கொடுப்பதும் எழுத்தில், கொடுப்பவரின் கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். கல்யாண மண்டபத்தில் கை குலுக்கி "சரி, எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொன்னதால் பதிப்புரிமை போய்விடாது. வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் அனுப்பினாலும் போகாது. சட்டம் கையெழுத்துக் கேட்கும் இடத்தில் சாதாரண மின்கையெழுத்து போதாது என்பது இங்கே வக்கீல்கள் பலரின் கருத்து. அதனால் பேனாவால் போட்ட பிரதி ஒன்று இரு தரப்பிடமும் இருக்கட்டும்.

30,000 ரேண்ட் முன்பணம் தருகிறார்கள். பெரிய தொகைதானே?

அது பரிசு இல்லை, உங்கள் பணத்தையே முன்கூட்டித் தருகிறார்கள். வரப்போகும் ராயல்டியில் கழிப்பார்கள். எதில் கழிக்கிறார்கள் என்பதுதான் விஷயம்.

பாதிக்குப் பாதி ஒப்பந்தம் என்று வைத்துக்கொள்வோம். பாட்டுகள் மொத்தம் 30,000 ரேண்ட் சம்பாதித்துவிட்டன. அதில் பப்ளிஷரின் பங்கு 15,000, அதை அவர் எடுத்துக்கொண்டார். உங்கள் பங்கு 15,000-ஐயும் முன்பணத்துக்காக அவரே பிடித்துக்கொண்டார். அவர் கொடுத்த 30,000 முழுவதும் அவர் கைக்கு வந்துவிட்டது. ஆனால் உங்களுக்கு வரும் தாளில் "இன்னும் 15,000 பாக்கி" என்று இருக்கும். மொத்த வருமானம் 60,000-ஐத் தொட்ட பிறகுதான் உங்களுக்கு முதல் காசு வரும். மொத்த வருமானத்திலிருந்து கழிக்கச் சொல்லிக் கேளுங்கள். மறுத்தால் உங்கள் சதவீதத்தையாவது உயர்த்தச் சொல்லுங்கள்.

முன்பணம் தீரும்வரை ஒப்பந்தக் காலம் நீளும் என்ற வரி இருந்தால் அதை அடியுங்கள். பாட்டு ஓடாவிட்டால் நீங்கள் வெளியே வரவே முடியாது.

வெளிநாட்டு வருமானத்தில் "வந்து சேரும் தொகையில் 75 சதவீதம்" என்கிறார்கள். சரியா?

கேட்க நன்றாக இருக்கும். லண்டனில் உங்கள் பாட்டு 10,000 ரேண்ட் சம்பாதித்தது. அங்கே உள்ள துணைப் பப்ளிஷர் 20 சதவீதம், அதாவது 2,000 பிடித்துக்கொண்டு 8,000-ஐ டர்பனுக்கு அனுப்புகிறார். அதில் 75 சதவீதம் என்றால் உங்களுக்கு 6,000. பணம் பிறந்த இடத்திலேயே கணக்கிட்டால் 10,000-இல் 75 சதவீதம், 7,500. துணைப் பப்ளிஷரின் கூலி உங்கள் பப்ளிஷரின் பங்கிலிருந்து போகும். அந்தத் துணைப் பப்ளிஷர் இவருடைய சொந்தக் கிளைக் கம்பெனியாகவே இருந்தால் இந்த 1,500 எங்கே போகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. பிறந்த இடத்துக் கணக்குக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால், வெளிநாட்டில் பிடிப்பது இத்தனை சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்று ஒரு எல்லை போடச் சொல்லுங்கள்.

என் பஜனைப் பாட்டுகளில் சில சினிமா மெட்டில் உள்ளவை. அதையும் கொடுக்கலாமா?

கூடாது. நம் ஊர்க் கோவில்களில் சினிமா மெட்டுக்கு முருகன் மேலும் மாரியம்மன் மேலும் வரி எழுதிப் பாடுவது காலம்காலமாக நடக்கிறது. கோவிலுக்குள் யாரும் கேட்பதில்லை. ஒப்பந்தத்தில் நிலைமை வேறு. "இந்தப் பாட்டு முழுவதும் என் சொந்தப் படைப்பு, யாராவது வழக்குப் போட்டால் செலவு என்னுடையது" என்று நீங்கள் கையெழுத்துப் போடுகிறீர்கள். அந்த மெட்டுக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ மும்பையிலோ ஒரு பெரிய கம்பெனி. யூட்யூபின் அடையாளம் காணும் மென்பொருளே மெட்டைப் பிடித்துவிடும்.

கொடுக்கும் பாட்டுகளைப் பட்டியலாக, பெயரோடு இணையுங்கள். "இதுவரை எழுதிய எல்லாப் பாட்டுகளும்" என்ற வரியை ஒருபோதும் விடாதீர்கள். அதில் மறந்துபோன சினிமா மெட்டுகளும் சேர்ந்துவிடும். செலவை ஏற்கும் பொறுப்பு, நீதிமன்றம் இறுதியாகத் தீர்த்த வழக்குகளுக்கு மட்டும், நீங்கள் இந்த ஒப்பந்தத்தில் பெற்ற தொகைக்கு மேல் போகாமல், என்று குறைக்கச் சொல்லலாம்.

திருப்புகழுக்குப் புது மெட்டுப் போட்டிருக்கிறேன். அது யாருடையது?

அருணகிரிநாதரின் வரிகள் எல்லோருக்கும் பொது. மெட்டு உங்களுடையது. பதிவுப் படிவத்தில் வரிகள் பொதுச் சொத்து என்று குறிப்பிட்டு, இசைக்கு உங்கள் பெயரைப் போடுங்கள். காவடிச் சிந்தை வழக்கமான மெட்டிலேயே வைத்து, பின்னணி இசை மட்டும் மாற்றியிருந்தால் உங்கள் பங்கு அந்த இசைக்கோர்ப்புக்கு மட்டும்தான்.

கோவில் கமிட்டி காசு கொடுத்துப் போடச் சொன்ன பாட்டு அவர்களுக்குச் சொந்தமா?

இதில் இங்கே நிறையச் சண்டை நடக்கிறது, இரு தரப்பும் பாதி சரி. ஒலிப்பதிவை யாராவது காசு கொடுத்து எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, பதிவு அவர்களுக்குச் சொந்தம் என்கிறது சட்டம். புகைப்படத்துக்கும் திரைப்படத்துக்கும் அதே விதி. ஆனால் அந்தப் பட்டியலில் இசையும் வரிகளும் இல்லை. ஆக, கமிட்டி கையில் இருக்கும் பதிவு அவர்களுடையது, அதில் உள்ள மெட்டு உங்களுடையது, எழுதிக் கொடுத்திருந்தால் ஒழிய. மெட்டைப் பப்ளிஷருக்குக் கொடுக்கலாம், பதிவைக் கொடுக்க முடியாது. மாதச் சம்பள வேலையில், அந்த வேலையின் பகுதியாகப் போட்ட இசை என்றால் அது முதலாளியுடையது.

கையெழுத்துப் போட்ட பிறகு என் பாட்டை நானே காவடிக்குப் பாடலாமா?

பாடலாம். மேடையில் பாடுவதற்கான லைசென்ஸ் சாம்ரோ வழி வருகிறது. சிக்கல் வீடியோவில். தைப்பூசக் காவடிக்கு எடுத்த வீடியோவில் உங்கள் பாட்டைச் சேர்த்து யூட்யூபில் போட்டால், பிரத்தியேக உரிமை வைத்திருக்கும் பப்ளிஷரிடம் நீங்களே அனுமதி கேட்க வேண்டியிருக்கும். ஆகவே விலக்குகளை முன்பே எழுதிக்கொள்ளுங்கள்: கோவில் விழாக்கள், தமிழ்ப் பள்ளிகள், ஐஸ்டெட்ஃபட் எனப்படும் கலைப் போட்டிகள், உங்கள் சொந்தச் சேனல்.

நாட்டிய நாடகத்துக்கும் தெருக்கூத்துக்கும் இசையமைப்பவர்கள் மேடை நாடக உரிமையைத் தங்களிடமே வைத்துக்கொள்வது நல்லது. அந்த ஆட்களை உங்களுக்குத்தான் தெரியும், பப்ளிஷருக்குத் தெரியாது.

விளம்பரத்துக்கு முன்அனுமதி கேளுங்கள். மாரியம்மன் தாலாட்டைச் சாராய விளம்பரத்திலோ சூதாட்ட விளம்பரத்திலோ கேட்க யாருக்கும் விருப்பமிருக்காது. உரிமையைக் கொடுத்த பின்னும், பெயர் போடச் சொல்லவும் பெயருக்குக் களங்கம் வரும்படி சிதைப்பதைத் தடுக்கவும் சட்டம் உங்களுக்கு இடம் தருகிறது. அதை விட்டுக்கொடுக்கும் ஒரு வரி கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும், பாருங்கள்.

வரிகள் எழுதியவர் சென்னையில் இருக்கிறார். பங்கை எப்படிப் பிரிப்பது?

எழுதாத கணக்கு அழுதாலும் தீராது. பாட்டு முடிந்த அன்றே ஒரு தாளில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போடுங்கள். பப்ளிஷரிடம் உங்கள் பங்கை மட்டும்தான் கொடுக்க முடியும்.

சென்னைக் கம்பெனி ஒன்று ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அது மாறுமா?

மாறும். இந்தியச் சட்டத்தில் இசையமைப்பாளருக்குச் சில பாதுகாப்புகள் உண்டு. காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகள்தான், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். 2012 திருத்தத்துக்குப் பிறகு, சினிமாவில் சேர்த்த பாட்டு தியேட்டருக்கு வெளியே ஒலிக்கும்போது வரும் ராயல்டியில் உங்களுக்குச் சேரும் சம பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் எழுதிக் கொடுக்க முடியாது. இங்கே அப்படிப்பட்ட இயல்பு விதிகள் இல்லை. அதனால் எந்த நாட்டுச் சட்டம், எந்த ஊர் நீதிமன்றம் என்ற வரியைக் கடைசியில் பார்க்காமல் முதலில் பாருங்கள். உரிமையையே வெளிநாட்டுக்கு விற்பதானால் ரிசர்வ் வங்கியின் அந்நியச் செலாவணி விதிகளும் வரும், உங்கள் வங்கியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கணக்கு சரியா என்று எப்படித் தெரியும்?

வருடத்துக்கு இரண்டு முறை கணக்கு, வருடத்துக்கு ஒருமுறை புத்தகங்களைப் பார்க்கும் உரிமை, பத்து சதவீதத்துக்கு மேல் குறைவு தெரிந்தால் ஆடிட்டர் செலவு பப்ளிஷருடையது. இது வழக்கமான கோரிக்கை. தாள் வந்ததும் அலமாரியில் போடாதீர்கள். இங்கே சாதாரணக் கடன் மூன்று ஆண்டில் காலாவதியாகிவிடும். ஒப்பந்தத்தில் "ஆறு மாதத்துக்குள் ஆட்சேபிக்காவிட்டால் ஒப்புக்கொண்டதாகும்" என்று இருந்தால் அதை மூன்று ஆண்டாக்கச் சொல்லுங்கள்.

பப்ளிஷர் அப்பாவின் நண்பர், அங்கிள். அவரிடம் எப்படிப் பேரம் பேசுவது?

டர்பனில் இதுதான் உண்மையான கஷ்டம். எல்லோரும் அங்கிள், எல்லோரும் ஆன்ட்டி. திருத்தம் கேட்டால் மரியாதைக் குறைவாகிவிடுமோ என்று கையெழுத்துப் போட்டவர்கள் ஏராளம். இங்கே சட்டம் எளிது: கையெழுத்துப் போட்டவர், படிக்காமல் போட்டிருந்தாலும், பொதுவாக அதற்குக் கட்டுப்பட்டவர். ஏமாற்றிப் போட வைத்தார்கள் என்று காட்டுவது பெரும்பாடு.

நேரில் பேசாதீர்கள். "அங்கிள், வக்கீல் சில மாற்றங்கள் சொல்லியிருக்கிறார், அனுப்புகிறேன்" என்று ஒரு செய்தி. பிறகு ஈமெயிலில், பிரிவு எண் போட்டு, பழைய வரி, புதிய வரி, ஒற்றை வரியில் காரணம். எட்டு மாற்றம் கேளுங்கள், எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்று முன்பே முடிவு செய்யுங்கள். காலமும் திரும்பி வரும் விதியும் விட்டுக்கொடுக்கும் பட்டியலில் இருக்கக்கூடாது. "இது எங்கள் ஸ்டாண்டர்டு ஒப்பந்தம், யாருக்கும் மாற்றியதில்லை" என்பார்கள். முதல் பதில் எப்போதும் அதுதான். பப்ளிஷர் சிபாரிசு செய்யும் வக்கீலிடம் போகாதீர்கள். மணிக்கணக்கில் இல்லாமல், படித்துக் கருத்துச் சொல்ல மொத்தமாக எவ்வளவு என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி என்ன?

பிரதியைத் தேடி எடுங்கள். இல்லையென்றால் பப்ளிஷரிடமே கேளுங்கள். மூன்று விஷயம் பாருங்கள்: எந்தெந்தப் பாட்டு என்று பட்டியல் இருக்கிறதா, புதுப் பாட்டு கொடுக்கும் காலம் முடிந்துவிட்டதா, கணக்கு எத்தனை முறை வந்தது. பட்டியலில் இல்லாத, காலம் முடிந்தபின் போட்ட பாட்டு உங்களுடையதாகவே இருக்க வாய்ப்பு அதிகம். வராத கணக்குகளைத் தேதியிட்டு எழுத்தில் கேளுங்கள். அதோடு, பயன்படுத்தாமல் கிடக்கும் பாட்டுகளின் பெயர்களை எழுதி, திருப்பித் தரும்படி மரியாதையாக ஒரு கடிதம். சம்பாதிக்காத பாட்டை வைத்துக்கொண்டு பப்ளிஷருக்கும் லாபமில்லை, பல பேர் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்தால் "சரி, எடுத்துக்கொள்" என்ற வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். உரிமையைத் திருப்பி எழுதிக் கொடுப்பதற்கும் அதே விதிதான், எழுத்தில், அவர்கள் கையெழுத்தோடு. அந்தத் தாளின் நகலைச் சாம்ரோவுக்கும் கபாசோவுக்கும் அனுப்பி, பங்கு விவரத்தை மாற்றச் சொல்லுங்கள்.